சமவெளிக்கு 115, மலைக்கு 105

சென்னையிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் கிளம்புகிற வண்டி தொட்டபெட்டா உச்சிக்குப் போய்ச் சேரும்போது 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கும். நடுவில் பாலாற்றுப் பக்கத்து வெக்கை, கிருஷ்ணகிரி மேட்டு நிலம், தொப்பூர் இறக்கம், பவானி, மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகள், அதற்குப் பிறகு மலை. கார்ப்பரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிளை எல்லா நிலையிலும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. இன்ஜின் வேலை முடிந்த புல்லட்டை இந்தப் பாதையில் வைத்தே டியூன் செய்வது என்று முடிவெடுத்துக் கிளம்பினேன். பட்டறையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டியில் ஐடிலிங்கைத்தான் சரி செய்ய முடியும். மற்றதெல்லாம் சுமையோடு, வெயிலில், மேட்டில் ஓடும்போதுதான் தெரியும்.

வண்டி பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 350. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சி.சி., வலது காலில் கியர். 18 குதிரைத்திறன் என்பது இந்த இன்ஜினின் தொழிற்சாலைக் கணக்கு. இங்கிலாந்தில் பிறந்த இந்த வண்டியை 1955 முதல் மெட்ராஸில் செய்யத் தொடங்கினார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது இந்த வண்டியால்தான். அதற்கு வைத்த மிக்கார்ப் கார்ப்பரேட்டரும் சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகரைச் சேர்ந்தது. ஜப்பானின் மிக்குனியோடு கூட்டு வைத்து யூகால் நிறுவனம் தயாரித்தது. இன்ஜினும் கார்ப்பரேட்டரும் நம் ஊர்க் கைகளில் உருவானவை என்பதாலேயே, இவற்றைப் பற்றிய அறிவு நம் பட்டறைகளில் இவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

என் வண்டியில் நடந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் தேய்ந்திருந்ததால் போர் போட்டு அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினோம். இதனால் கொள்ளளவு சுமார் 5 சி.சி. மட்டுமே கூடும். பெரிய மாற்றம் ஹெட்டில்தான். இன்லெட், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்குள் இருந்த வார்ப்பு மேடுகளைத் தேய்த்து, வால்வு சீட்டுகளைப் புதிதாக வெட்டி, கம்ப்ரஷன் சற்றுக் கூடிய பிஸ்டனும் காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டரும் போட்டோம். சைலன்சரைத் தொடவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 350ஐ 500க்கு மேல் கொண்டுபோகும் கிட்டுகள் கடைகளில் கிடைத்தாலும் அந்தப் பக்கம் போகாததற்கு அது ஒரு காரணம். சத்தம் கூட்டுவது முன்னேற்றம் இல்லை என்ற என் எண்ணம் இன்னொன்று.

புதுப்பேட்டையில் வாங்கிய பித்தளை

இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கத் தொடங்கினால் அதற்கேற்ற பெட்ரோலும் வேண்டும். சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. இன்ஜின் முழு பலத்தைத் தருவது அதைவிடச் சற்றுச் செறிந்த கலவையில், ஏறத்தாழ 12.5 முதல் 13 வரை. காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை லீன் ஆகும். இன்ஜின் சூடேறும், நாக்கிங் வரும், கடைசியில் பிஸ்டன் போகும். பெட்ரோல் மிஞ்சினால் ரிச்; ப்ளக் கறுக்கும், வண்டி திணறும், பணம் புகையாகும். இன்ஜின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மட்டும் பழையதாகவே வைத்து ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செலவழித்ததின் பலனை அவர்கள் கண்டதே இல்லை.

24 மி.மீ. கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, 500 புல்லட்டில் வந்த 28 மி.மீ. ஸ்லைடு கார்ப்பரேட்டரைப் பொருத்தினேன். மேனிஃபோல்டின் துளையையும் அதற்குச் சமமாக லேத்தில் கொடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு படி நின்றால் காற்று சுழன்று கலவை குலைந்துவிடும். 30, 32 என்று இன்னும் பெரிதாக வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கார்ப்பரேட்டரின் குறுகலான வாய் வழியே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் கீழேயிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. வாய் அகன்ற கால்வாயில் தண்ணீர் மெதுவாக நகர்கிற மாதிரி, அளவுக்கு மீறிய கார்ப்பரேட்டரில் காற்று சோம்பிப்போகும். குறைந்த வேகத்தில் பெட்ரோல் ஏறாது, பிக்கப் செத்துவிடும். சாலையில் ஓட்டும் 350க்கு 28 போதும் என்பது என் முடிவு.

ஜெட்டுகளைப் புதுப்பேட்டையில் வாங்கினேன். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் பழைய இன்ஜின்களும் கியர்பாக்ஸ்களும் நடைபாதை வரை குவிந்து கிடக்கும். வயதான கடைக்காரர் ஒருவர் டப்பாவைக் கவிழ்த்துப் பித்தளை ஜெட்டுகளைக் காகிதத்தில் கொட்டினார்.

"எந்த நம்பர் வேணும்?"

"115 போதும்னு நினைக்கிறேண்ணே."

"ஒண்ணை மட்டும் வாங்காத தம்பி. மேல ரெண்டு, கீழ ரெண்டு சேத்து வாங்கிக்கோ. எது ஒத்துவரும்னு நீ சொல்லக் கூடாது, வண்டி சொல்லணும்."

மெயின் ஜெட்டில் 105 முதல் 125 வரை, 5 எண் இடைவெளியில் வாங்கிக்கொண்டேன். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் பொறித்திருக்கும் எண், அதன் வழியே ஓடும் பெட்ரோலின் அளவைக் குறிக்கிறது. கெய்ஹின் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜெட்டில் அந்த எண் துளையின் விட்டம். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடக் கூடாது. போலி ஜெட்டும் சந்தையில் உண்டு. எண் பொறித்திருக்கும், துளை வேறாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து வரிசையாகப் பார்த்தால் முறை தவறியது கண்ணுக்கே தெரியும். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவதும் கூடாது. பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் துளை பெரிதாகிவிடும். காற்றால் ஊதினால் போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர்

விடியும் முன் கிளம்பினோம். உடன் வந்த நண்பனிடம் இருந்தது பிந்தைய கிளாசிக் 350, அதில் 29 மி.மீ. சி.வி. கார்ப்பரேட்டர். ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, வேலூர் வரை எதையும் மாற்றாமல் ஓட்டினேன். போர் போட்ட இன்ஜினின் ரிங்குகள் ஏற்கெனவே பழகியிருந்தன. கிளம்பும் முன்பே டேப்பெட், பாயின்ட், ஃப்ளோட் மட்டம் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. இந்த இன்ஜினில் டேப்பெட்டுக்கு இடைவெளியே கிடையாது. ஆறிய நிலையில் புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. மேனிஃபோல்டில் காற்று கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ஓடும் இன்ஜினின் அந்த இணைப்பில் கொஞ்சம் கார்ப் க்ளீனர் அடித்தால், கசிவு இருந்தால் சத்தம் மாறும். இவை சரியாக இல்லாத வண்டியில் ஜெட் மாற்றுவது வீண் வேலை. நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்றாகிவிடும்.

ஹேண்டில்பாரில் பிடிக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ஆக்ஸிலரேட்டரின் கால், அரை, முக்கால், முழு நிலைகளைக் கோடு போட்டிருந்தேன். ஸ்லைடு கார்ப்பரேட்டரைப் புரிந்துகொள்ள இந்தக் கோடுகள் போதும். மூடியிருக்கும் நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடிப்பக்கச் சரிவு வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் வண்டி தடுமாறுகிறதோ, அந்த இடத்துக்குரிய பாகத்தைத்தான் தொட வேண்டும். ஐடிலிங் சரியில்லை என்று மெயின் ஜெட்டை மாற்றுகிறவர்கள் வீட்டுக் கதவு பூட்டவில்லை என்று ஜன்னலைச் சரி செய்கிறார்கள்.

ஆம்பூரைத் தாண்டும்போது தோல் தொழிற்சாலைகளின் வாடையும் பிரியாணிக் கடைகளின் மணமும் அடுத்தடுத்து வந்தன. வாணியம்பாடிக்கு அப்பால் பர்கூர் நோக்கிச் சாலை மெல்ல மேடேறுகிறது. மெயின் ஜெட்டைச் சோதிக்க அந்த மேடு தோதானது. மூன்றாம் கியரில், மேட்டில், முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் வேகம் 80க்குள் நிற்கும். இன்ஜினுக்கோ முழுச் சுமை.

பெரிய ஜெட்டிலிருந்து சிறியதை நோக்கித்தான் இறங்க வேண்டும். ரிச் கலவை வண்டியைத் திணறடிக்கும், அவ்வளவுதான். லீன் கலவை இன்ஜினை எரித்துவிடும். 125இல் வண்டி முழுத் திறப்பில் விட்டுவிட்டு வெடித்தது. 120இல் ஓடியது, ஆனால் பாரமாக இழுத்தது. 115இல் சத்தம் தெளிந்து மேட்டை எளிதாக ஏறியது. சோதனைக்காக 110 போட்டேன். முழுத் திறப்பில் இழுவை குறைந்தது; ஆக்ஸிலரேட்டரைச் சற்றே பின்வாங்கியதும் வண்டி முன்னே பாய்ந்தது. லீனுக்கு அது தெளிவான அடையாளம். ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. சோக்கில் நன்றாக ஓடினால் கலவை லீன், மோசமானால் ரிச்.

கடைசித் தீர்ப்பை ப்ளக் சொல்லும். அதற்கும் முறை இருக்கிறது. முழுத் திறப்பில் ஒரு நீளத்துக்கு ஓட்டி, அதே நிலையில் இக்னிஷனை அணைத்து, கிளட்சைப் பிடித்து, ஓரம் கட்ட வேண்டும். ஐடிலிங்கில் நிறுத்தினால் ப்ளக்கில் பதிவது ஐடிலிங்கின் நிறம்தான். பின்னால் வண்டி வரும்போது இதைச் செய்யவே கூடாது. நண்பன் பின்னால் வந்து பார்த்துக்கொண்டதால்தான் செய்தேன். 115இல் ப்ளக்கின் பீங்கான் வெளிர் பழுப்பு, 110இல் வெளுத்திருந்தது. 115ஐ மாட்டி, எண்ணையும் இடத்தையும் வெயிலையும் நோட்டில் குறித்தேன்.

பர்கூருக்குச் சற்று முன்பிருந்த டீக்கடை வாசலில் இந்த வேலை நடந்தபோது, லாரி டிரைவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து ப்ளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்ல கலரு. இதோட விட்டுருங்க, தொடாதீங்க" என்றார். அவர் டீசல் வண்டி ஓட்டுகிறவர். எரிபொருளின் நிறம் அவருக்கும் தெரிந்திருந்தது.

தொப்பூர் இறக்கமும் நீடிலும்

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி, தொப்பூர் வழியாகச் சேலம். நெடுஞ்சாலையில் புல்லட் பெரும்பாலும் ஓடுவது கால் முதல் அரை திறப்பில்தான். அதாவது நீடிலின் ஆட்சியில். 60, 65இல் சீராகப் பிடித்திருக்கும்போது வண்டி தானாகவே சற்று இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. நீடிலில் க்ளிப் மாட்ட ஐந்து வரிகள் உண்டு. க்ளிப்பைக் கீழ் வரிக்குக் கொண்டுபோனால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மேல் வரிக்கு ஏற்றினால் நீடில் தாழ்ந்து பெட்ரோல் குறையும். மூன்றாவது வரியிலிருந்து நான்காவதுக்கு இறக்கினேன். அந்த ஆட்டம் அப்படியே நின்றது. தொப்பூர் இறக்கத்தில் விபத்துகளின் நினைவு எல்லா டிரைவர்களையும் மெதுவாக்கியிருந்தது. நாங்களும் கியரைக் குறைத்து, இன்ஜின் பிரேக்கில் இறங்கினோம்.

நீடிலை ஏன் உயர்த்த வேண்டியிருந்தது என்பதற்குப் பெட்ரோல் பங்கிலேயே விடை இருக்கிறது. இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் முழுதாக எரிய எடைக் கணக்கில் 9 பங்கு காற்றே போதும். கலந்த எரிபொருளுக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 13.5 ஆகிவிடுகிறது. அன்றைய சுத்தமான பெட்ரோலுக்கு அளவெடுத்து வைத்த கார்ப்பரேட்டர், இன்றைய எரிபொருளில் தானாகவே லீனாக ஓடும். புது வண்டியின் கணினி சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. கார்ப்பரேட்டருக்கு அந்த வசதி கிடையாது, நாம்தான் திருத்த வேண்டும். இன்ஜினில் எந்த வேலையும் செய்யாத பழைய வண்டிக்காரர்களும் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் வளையங்களையும் பைப்பையும் மாற்றிவிட வேண்டும்.

பவானி, பெருந்துறை தாண்டி, அவினாசியில் பிரிந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். ப்ளக் அதே வெளிர் பழுப்பு. ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே, ஐடிலிங் நிதானம். சமவெளிக்கான டியூனிங் முடிந்தது.

மேட்டுப்பாளையத்துப் பேச்சு

மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறை முன் நிறுத்தி செயினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வெளியே வந்தார். வயது அறுபதுக்கு மேல்.

"ஏனுங்க, மேல போறீங்களா?"

"ஆமாங்கண்ணா. ஊட்டிக்கு."

"கீழ நல்லா ஓடற வண்டிதாங்க மேல போனாத் திணறும். குன்னூர் தாண்டறதுக்குள்ளயே தெரிஞ்சுருமுங்க. சின்ன ஜெட்டு கையில வெச்சிருக்கீங்கல்லோ?"

ஜெட்டைக் காட்டினேன். தலையசைத்துவிட்டு இன்னொன்றையும் சொன்னார்: "எறங்கறப்ப மறக்காம பழையதப் போட்டுருங்க. ஏறறப்ப எல்லாரும் மாத்திப்போடுவாங்க. எறங்கறப்பதான் மறந்துருவாங்க."

2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் அதைக் காட்டிவிட்டு ஏறத் தொடங்கினோம். அந்தக் கல்லாற்றிலிருந்துதான் மலை ரயிலும் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு குன்னூர் வரை ஏறுகிறது. 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் தொட்ட பாதை அது. நாங்கள் ஏறிய சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறு வரை காற்றில் வெக்கை இருந்தது. அதற்கு மேல் குளிர்ந்து, யூகலிப்டஸ் வாசனை தொடங்கியது.

115ஐ மாற்றாமலே ஏறினேன். உயரம் கலவையை என்ன செய்கிறது என்பதை வண்டியிலேயே உணர வேண்டும் என்பது பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. குன்னூரின் உயரம் 1,850 மீட்டர். அதை நெருங்க நெருங்க வளைவிலிருந்து எழும்போது பிக்கப் மங்கியது, சத்தம் தடித்தது, ஐடிலிங் இறங்கிப்போய் இரண்டு முறை அணைந்தது. வெலிங்டனில் நிறுத்திப் பார்த்தபோது ப்ளக்கில் கரி படிந்திருந்தது.

காரணம் இதுதான். ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் நான்கில் மூன்று பங்குதான். குளிர்ந்த காற்று சற்று அடர்ந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் சென்னைக் காற்றைவிட அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதே கன அளவைத்தான் இழுக்கிறது; அதற்குள் இருக்கும் காற்றின் எடைதான் குறைந்துவிட்டது. பெட்ரோலும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஜெட் வழியே பெட்ரோல் பாய்வது அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காற்று 20 சதவீதம் குறையும்போது பெட்ரோல் 10 சதவீதம் அளவுக்கே குறைகிறது. மிச்சமுள்ள பெட்ரோல்தான் கரியாகப் படிகிறது. ஆக மலைக்கு ஜெட்டை ஏறத்தாழ 10 சதவீதம் சிறிதாக்க வேண்டும்: 115க்கு 105.

நண்பனின் கிளாசிக் இந்த மலையை எந்த மாற்றமும் இல்லாமல் ஏறியது. சி.வி. கார்ப்பரேட்டரில் நம் கை திறப்பது ஒரு தகட்டை மட்டும்தான். ஸ்லைடைத் தூக்குவது வெற்றிட அழுத்தம். காற்று மெலிந்தால் ஸ்லைடும் குறைவாகவே எழும், அதனால் ஓரளவு தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். "எனக்கு ஒண்ணும் தெரியலயே மச்சான்" என்றான். முழுத் திறப்பில் அவன் வண்டியும் சற்றுத் தடித்துதான் ஓடியது. ஸ்லைடு முழுக்க எழுந்த பிறகு அங்கேயும் மெயின் ஜெட்தான் எஜமான்.

ஊட்டியும் தொட்டபெட்டாவும்

ஊட்டியில் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரைத் திருப்பி, கிண்ணத்தைக் கழற்றி 105ஐ மாட்டினேன். நீடில் க்ளிப் மூன்றாவது வரிக்கே திரும்பியது. ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வரை திறந்தேன். இந்த வகைக் கார்ப்பரேட்டரில் வெளியே திருகினால் காற்று கூடும், லீன் ஆகும். இரண்டரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட்டைச் சிறியதாக மாற்ற வேண்டும். அரைச் சுற்றுக்குள் சிக்கினால் பெரியதாக. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொட்டேன். மூன்றை ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை தொட்டபெட்டா சாலையில் சோலை மரங்களுக்கு நடுவே வண்டி ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. சத்தம் சுத்தம். உச்சியில் ப்ளக்கைப் பார்த்தேன்: வெளிர் பழுப்பு. ஆனாலும் பர்கூர் மேட்டில் இருந்த இழுவை இங்கே இல்லை. இருக்கவும் முடியாது. காற்றே குறைவாக இருக்கும் இடத்தில் எந்த ஜெட்டும் அதைக் கூட்டித் தராது. ஜெட் கலவையைத் திருத்தும்; போன பலத்தைத் திருப்பித் தராது.

ஊட்டியில் பேசிய மெக்கானிக் ஒருவர், உள்ளூர் வண்டிகளை வருடம் முழுக்க மலைக் கணக்கிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். "கோயம்புத்தூர் போறேன்னு சொன்னா மட்டும் நான் மாத்தித் தருவேன் சார். சொல்லாமப் போனா, வர்றப்ப இன்ஜின் சூடு சூடுன்னு வந்து நிப்பாங்க" என்றார்.

கோத்தகிரி இறக்கம்

திரும்பியது கோத்தகிரி வழியாக. தேயிலைத் தோட்டங்களை வெட்டிக்கொண்டு இறங்கும் அந்தச் சாலையில் ஆக்ஸிலரேட்டர் பெரும்பாலும் மூடியே இருக்கும். இறங்க இறங்கக் காற்று அடர்ந்தது. பாதி இறக்கத்தில் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியது. மூடிய நிலையில் கலவை லீன் ஆகிறது என்பதன் அடையாளம் அது. ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுக்கு உள்ளே திருகினேன், வெடிப்பு அடங்கியது. அடிவாரம் வந்ததும், நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே, 115ஐயும் நீடிலின் நான்காவது வரியையும் திரும்ப வைத்தேன். மலைக் கலவையோடு சமவெளி வெயிலில் மணிக்கணக்கில் விரட்டினால் இன்ஜின் தாங்காது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு புது மோட்டார் சைக்கிள்களில் கார்ப்பரேட்டர் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. இன்ஜெக்‌ஷன் வண்டி மலையும் சமவெளியும் பாராமல் தானே அளந்து ஊற்றுகிறது, புகையும் குறைவு. அது நல்ல மாற்றம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லட்சக்கணக்கான கார்ப்பரேட்டர் வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் சத்தத்தைக் கேட்டே எந்த ஜெட் என்று சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். புதுப்பேட்டையிலும் மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் நான் கேட்டது எந்தக் கையேட்டிலும் இல்லை. இளைஞர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

என் 115ஐ யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என் ஹெட்டுக்கும் என் ஃபில்டருக்கும் உரிய எண். உங்கள் வண்டிக்கு உரியதை மேலே சொன்ன வழியில் நீங்களே கண்டுபிடியுங்கள்: முதலில் டேப்பெட், பாயின்ட், காற்றுக் கசிவு, பிறகு பெரிய ஜெட்டிலிருந்து இறங்குவது, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், கடைசியில் ப்ளக். கண்டுபிடித்த எண்களை ஒரு தாளில் எழுதி டூல் பாக்ஸில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக்குக்கு அது பெரிய உதவி. கார்ப்பரேட்டர் வண்டியில் மலைக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்துப் பெரியவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மாற்ற மறந்தால் பெட்ரோல் போகும். இறங்கும்போது மறந்தால் பிஸ்டன் போகும்.